60 ஃப்ரேம் ஓடுது, ஆனாலும் கை கனமா இருக்கு: லேக் எங்க ஒளிஞ்சிருக்கு?

நிழல்வீரன்

கேம் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் ஃப்ரேம் எண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் வருதுங்கிறதைப் பிடிச்சுத் தொங்குறோம். திரை மூலையில 60-ன்னு காட்டினா சூப்பர், 45-ன்னு காட்டினா குப்பை. என் கட்சி வேற. ஒரு கேம் கையில எப்படி இருக்குங்கிறதுல பாதியைக்கூட அந்த எண் சொல்லாது. பட்டனை அழுத்தினதுல இருந்து திரையில அசைவு தெரியிற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுது (இதுதான் இன்புட் லேக்), ஃப்ரேம்கள் சமமான இடைவெளியில வருதா, இந்த ரெண்டும்தான் மீதிக் கதை.

60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஆனா அழுத்தினதுக்கும் தெரியிறதுக்கும் நடுவுல 50-ம் ஆகலாம், 150-ம் ஆகலாம். மூலையில இருக்கிற எண் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எங்கெங்க நேரம் போகுது, எதை மாத்தினா எவ்வளவு மிச்சமாகும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. "நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கு"ன்னு மட்டும் யாரும் வந்துடாதீங்க.

பிக்சல்பாண்டி

முதல் குற்றவாளி டிவிதான். கன்சோல்ல ஆடுறவங்களுக்கு இதுல சந்தேகமே வேண்டாம்.

சாதாரண பிக்சர் மோட்ல டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் வாங்கி இரைச்சலைக் குறைக்கும், விளிம்பைக் கூர்மையாக்கும், அசைவை வழவழப்பாக்கும். இதுல மோசமானது கடைசி வேலை. நடுவுல ஒரு போலி ஃப்ரேம் செய்யணும்னா அடுத்த ஃப்ரேம் என்னன்னு டிவிக்குத் தெரிஞ்சாகணும். அதனால கைக்கு வந்த ஃப்ரேமைக் காட்டாம பிடிச்சு வெச்சுக்கும். இப்படி எல்லாம் சேர்ந்து 100 மில்லிசெகண்டைத் தாண்டுற டிவிகள் சகஜம். அதே டிவியை கேம் மோட்ல போட்டா 10-லிருந்து 20-க்குள்ள வந்துடும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடா வேற எந்த செட்டிங்கும் கிடையாது.

பல பேர் தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. கேம் மோட் பெரும்பாலும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனி. கன்சோலை வேற போர்ட்டுக்கு மாத்தினா செட்டிங் அதோட சேர்ந்து வராது. சில டிவியில எச்டிஆர் சிக்னல் வந்தா பிக்சர் செட்டிங்கே வேற தொகுப்புக்குத் தாவிடும். அப்போ எச்டிஆர் கேம் ஒண்ணை ஓட விட்டுட்டு மறுபடி ஒருதரம் மெனுவுக்குள்ள போய்ப் பாருங்க. ஏஎல்எல்எம் வசதி இருந்தா கன்சோலே டிவியை கேம் மோடுக்குத் தள்ளிடும். அது ரெண்டு பக்கமும் ஆன் ஆகியிருக்கணும்.

சவுண்ட்பார் வழியா படத்தை அனுப்புறவங்க கன்சோலை நேரா டிவியில குத்திட்டு, ஒலியை மட்டும் இஆர்க் வழியா சவுண்ட்பாருக்குத் திருப்பி விடுங்க. நடுவுல ஒரு பெட்டி குறைஞ்சா ஒரு சந்தேகமும் குறையும்.

இன்னொண்ணு, "0 மில்லிசெகண்ட் லேக்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கிற திரை, மேலிருந்து கீழா வரைஞ்சு முடிக்கவே 16.7 ஆகுது. திரையோட நடுப்பகுதிக்கு வரவே 8 மில்லிசெகண்ட் கிட்ட போயிருக்கும். அட்டைப்பெட்டியில "1 மில்லிசெகண்ட்"னு பெருசா போட்டிருக்கிறது பிக்சல் நிறம் மாற ஆகிற நேரம். அதுக்கும் இன்புட் லேக்குக்கும் சம்பந்தமில்ல.

சும்மாவிளையாடி

இவ்வளவு மெனக்கெடணுமா சகோ? ஒகரினா ஆஃப் டைம் 1998-ல 20 ஃப்ரேம்லதான் ஓடுச்சு. இன்னிக்கும் தலைசிறந்த கேம்னு அதைத்தான் சொல்றோம். டர்ன் பேஸ்டு கேமுக்கு 30 போதும், விஷுவல் நாவலுக்கு 30-ம் அதிகம். ஃப்ரேம் எண்ணிக்கிட்டே உக்காந்தா கேமை எப்போ ஆடுறது? இந்த ஃப்ரேம் சாதிப்பெருமை எனக்குப் பிடிக்கல.

பழையபெட்டி

அதே 1998, அதே நின்டெண்டோ 64. எஃப்-ஜீரோ எக்ஸ் கேம்ல 30 வண்டி ஒரே நேரத்துல ஓடும், 60 ஃப்ரேம்ல. எப்படின்னா, பாதையோரம் கிட்டத்தட்ட மொட்டையா இருக்கும், வண்டிகள்ல விவரமே இருக்காது. வேகம்தான் கேம்னு முடிவு பண்ணி மத்ததை வெட்டி எறிஞ்சாங்க. ஒகரினாவுல உலகம்தான் கேம்னு முடிவு பண்ணாங்க. ரெண்டுமே தெரிஞ்சு எடுத்த முடிவு.

அதனால சும்மாவிளையாடி சொல்றதுல பாதி சரி. 30 ஃப்ரேமுக்காக செஞ்ச கேம் 30-ல நல்லாவே இருக்கும். ஆனா இந்த இழை எண்ணைப் பத்தி இல்லையே. நிழல்வீரனும் எண்ணைத்தான் திட்டியிருக்கார்.

டைமர்தாமரை

30 ஃப்ரேமில் கேம் மோசமாகத் தெரிவதற்குப் பல நேரங்களில் 30 காரணமே அல்ல, சீரின்மைதான் காரணம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்பட வேண்டும், அதாவது 33.3 மில்லிசெகண்ட். அது 16.7, 50, 33.3, 16.7, 50 என்று மாறி மாறி வந்தாலும் சராசரி அதே 30-ஐ ஒட்டியே இருக்கும். மூலையில் உள்ள எண் அசையாது, கண்ணுக்கு மட்டும் தட்டுத் தட்டாகத் தெரியும். 2015-இல் வந்த பிளட்போர்ன் இந்தக் குறைக்குப் பேர்போனது. அற்புதமான கேம், 30 ஃப்ரேம் பூட்டு, ஆனால் ஃப்ரேம்களின் இடைவெளி சமமில்லை.

எனவே பிசியில் சராசரி ஃப்ரேமைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஃப்ரேம்டைம் வரைபடத்தை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தைப் பாருங்கள். ரிவாட்யூனர், கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற மென்பொருள்கள் இரண்டும் இதைக் காட்டும். கோடு நேராக இருந்தால் 50 ஃப்ரேமும் நன்றாக இருக்கும். கோடு ரம்பப் பல்லாக இருந்தால் 90-ம் எரிச்சலூட்டும்.

40 ஃப்ரேம் மோடுக்கு இவ்வளவு பாராட்டு கிடைப்பதும் இதே கணக்கால்தான். 30-க்கு 33.3, 60-க்கு 16.7. இரண்டுக்கும் நடு 25 மில்லிசெகண்ட், அது 40 ஃப்ரேம். எண்ணில் 45 நடுவாகத் தெரிந்தாலும் நேரத்தில் 40-தான் பாதி வழி. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று முறை கச்சிதமாகப் பொருந்தும். ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் 2021-இல் இந்த மோடைச் சேர்த்தது. ஸ்டீம் டெக் என்ற கையடக்க பிசியின் முதல் மாடலில் திரையையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாம், பேட்டரியும் மிஞ்சும். படத் தரத்தைப் பெரிதாகக் குறைக்காமல் கைக்குச் சுறுசுறுப்பு வேண்டும் என்றால் என் முதல் தேர்வு எப்போதும் 40-தான்.

நிழல்வீரன்

இதுதான் வேணும். பிசி பக்கம் யாராவது விளக்குங்க. ஃப்ரேமைத் திரையோட ரிஃப்ரெஷுக்கு ஒத்துப் போக வைக்கிற வி-சிங்கை ஆன் பண்ணினா கனமாகுது, ஆஃப் பண்ணினா படம் கிழியுது. இதுக்கு நடுவழி என்ன?

டைமர்தாமரை

முதலில் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். சிபியு ஒரு ஃப்ரேமுக்கான வேலையைத் தயார் செய்து ஜிபியுவின் வரிசையில் போடுகிறது. ஜிபியு 99 சதவீதத்தில் திணறினால் வரிசையில் இரண்டு மூன்று ஃப்ரேம்கள் காத்திருக்கும். அவை ஒவ்வொன்றும் உங்கள் மவுஸ் அசைவை எப்போதோ வாசித்துவிட்டன. திரைக்கு வரும்போது அது பழைய செய்தி. வி-சிங்க் ஆன் செய்து, கேம் திரையை விட வேகமாக ஓட முயன்றாலும் இதே வரிசை நிரம்பும்.

தீர்வு, வரிசை நிரம்பவே விடாதிருப்பது. கேம் 70-க்கும் 90-க்கும் நடுவில் ஆடினால் 65-இல் வரம்பு போடுங்கள். எண் குறையும், கை லேசாகும். பலர் இதை நம்ப மறுப்பார்கள், ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். வரம்பை முதலில் கேமுக்குள்ளேயே தேடுங்கள். கேம் தன் லூப்பிலேயே நிறுத்தும் வரம்பு, வெளியிலிருந்து போடுவதைவிடக் குறைந்த தாமதம் தரும். அது இல்லாவிட்டால் ரிவாட்யூனர். என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் செட்டிங் (2020-இல் வந்தது) கேமில் இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். அது செய்வதும் இந்த வரிசையைக் காலியாக வைப்பதைத்தான்.

மாறும் ரிஃப்ரெஷ் வசதி உள்ள மானிட்டர், அதாவது ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் என்றால் இப்படி வையுங்கள்: அது ஆன், டிரைவரில் வி-சிங்க் ஆன், கேமுக்குள் வி-சிங்க் ஆஃப், ஃப்ரேம் வரம்பு திரையைவிட மூன்று குறைவாக. 144 ஹெர்ட்ஸ் என்றால் 141. வரம்பைச் சரியாக 144-இல் வைத்தால் சில ஃப்ரேம்கள் உச்சியைத் தொட்டு வி-சிங்கின் வரிசைக்குள் விழும், அதற்காகத்தான் இந்த இடைவெளி. ரிஃப்ளெக்ஸ் இருந்தால் இந்தக் கூட்டணியில் அதுவே 138-இல் நிறுத்திவிடும். யாரோ ஃப்ரேமைத் திருடிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

புதுக்கை

அக்கா, மாறும் ரிஃப்ரெஷ் இல்லாத சாதா 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு என்ன வழி? படம் கிழியவும் கூடாது, கனமாவும் இருக்கக் கூடாது.

டைமர்தாமரை

வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் உண்மையில் துல்லியமாக 60-இல் ஓடாது, 59.95 போல ஏதாவது இருக்கும். முதலில் அந்த உண்மையான எண்ணைக் கண்டுபிடியுங்கள். ரிஃப்ரெஷ் விகிதத்தைத் தசமத்தில் காட்டும் சோதனைப் பக்கங்கள் இருக்கின்றன, சில நிமிடம் ஓட விட்டால் எண் நிலைக்கும். வி-சிங்கை ஆன் செய்துவிட்டு, அந்த எண்ணிலிருந்து 0.01 கழித்து ரிவாட்யூனரில் வரம்பு போடுங்கள். 59.95 வந்தால் 59.94.

கேம் திரையைவிட ஒரு நூலிழை மெதுவாக ஓடுவதால் வரிசை சேராது. விலை என்னவென்றால் 100 விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை காட்டப்படும், ஒரு சிறு தட்டு. ஆனால் ஜிபியுவுக்கு மூச்சுவிட இடம் இருக்க வேண்டும். ஒரு ஃப்ரேம் 16.7-ஐத் தாண்டினால் அடுத்த ரிஃப்ரெஷ் வரை காத்திருந்து 33.3 ஆகிவிடும். அதனால் வரம்பில் ஓடும்போது ஜிபியு பயன்பாடு 80 சதவீதத்துக்குள் நிற்கும் அளவுக்கு கிராஃபிக்ஸைக் குறையுங்கள். முதலில் கை வைக்க வேண்டியது நிழல்களிலும் வால்யூமெட்ரிக் மூடுபனியிலும். டெக்ஸ்சரைத் தொட வேண்டாம். வீடியோ மெமரி போதுமானால் அது ஃப்ரேம்டைமை அவ்வளவாகப் பாதிக்காது.

பிக்சல்பாண்டி

ஃப்ரேம் ஜெனரேஷனைப் பத்தியும் யாராவது பேசணுமே. 2022-ல என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் 3 வந்ததுல இருந்து விளம்பர வரைபடங்களைப் பார்த்தா தலை சுத்துது.

அதுவும் டிவி பண்ற போலி ஃப்ரேம் வேலையேதான், கொஞ்சம் புத்திசாலித்தனமா. ரெண்டு உண்மையான ஃப்ரேமுக்கு நடுவுல ஒண்ணைச் செருகணும்னா ரெண்டாவது தயாராகுற வரைக்கும் காத்திருக்கணும். 60-ஐ 120 ஆக்கினா கண்ணுக்கு 120, கைக்கு 60-ஐ விடக் கொஞ்சம் கனம். அது பரவாயில்ல, கதை கேமுக்கு நல்லாவே இருக்கும். 30-ஐ 60 ஆக்கினா கைக்கு 30-ஐ விடக் கனம். இதை "60 ஃப்ரேம்"னு வரைபடத்துல போடுறதுதான் அநியாயம். அடிப்படை ஃப்ரேம் 60-க்குக் கீழ இருந்தா ஆன் பண்ணாதீங்க. போட்டி ஷூட்டர்ல எப்பவுமே ஆன் பண்ணாதீங்க.

சும்மாவிளையாடி

ஆண்டி-லேக் மாதிரி டிரைவர் செட்டிங் போட்டா கணக்கையே தடை பண்றாங்கன்னு கேள்விப்பட்டேனே?

பிக்சல்பாண்டி

அது ஏஎம்டியோட ஆண்டி-லேக் பிளஸ், 2023 அக்டோபர். கேமோட டிஎல்எல் ஃபைலுக்குள்ள டிரைவரே கை வெச்சு வேலை செஞ்சுது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-ல இருந்த ஏமாத்து-தடுப்பு அதை ஹேக்னு எடுத்துக்கிச்சு. ஏஎம்டி அந்த வசதியையே திரும்ப வாங்கிடுச்சு. அடுத்து வந்த ஆண்டி-லேக் 2-வை கேம் செய்றவங்களே உள்ள சேர்க்கணும், அதனால அந்தப் பிரச்சினை இல்ல. பழைய சாதா ஆண்டி-லேக்கும் பாதுகாப்பானதுதான்.

பேட்கந்தன்

எல்லாரும் திரைப் பக்கமே நிக்கிறீங்க, கைப் பக்கம் வாங்க.

மவுஸ் 125 ஹெர்ட்ஸ்ல இருந்தா 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் செய்தி அனுப்பும். 1000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லிசெகண்ட். இதை மாத்துறது இலவசம். 8000 ஹெர்ட்ஸுக்குப் போனா மிச்சமாகுறது ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழ. ஆனா சிபியு வேலை ஏறும், சில கேம்ல அதாலேயே ஸ்டட்டர் வரும். 1000-ல நிறுத்திக்குங்க.

ஒயர்லெஸ் டாங்கிளை யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்துல குத்தாதீங்க. யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது கிளம்புற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலயும் விழும். அங்க வெளிப்புற ஹார்டுடிஸ்க் ஓடினா கன்ட்ரோலர் திடீர்னு அரை நொடி உறையும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள்ல டாங்கிளை முன்னாடி இழுத்து வெச்சா முடிஞ்சுது.

ஆனா கன்ட்ரோலர்ல பெரிய களவாணி டெட்ஜோன்தான். 15 சதவீதம் டெட்ஜோன் இருந்தா, ஸ்டிக் அவ்வளவு தூரம் நகர்ற வரைக்கும் கேமுக்கு எதுவுமே தெரியாது. விரல் நகர்ற அந்த நேரம் முழுக்க லேக்தான், எந்த மீட்டரும் காட்டாது. கேமுக்குள்ள உள்வட்ட டெட்ஜோனை 0 ஆக்குங்க. ஸ்டிக்கைத் தொடாம விட்டா கேமரா நகருதான்னு பாருங்க. நகர்ந்தா ஒவ்வொண்ணா ஏத்துங்க. நின்னதும் விட்டுடாதீங்க. ஸ்டிக்கை நாலு பக்கமும் முழுசா தள்ளிச் சட்டுனு விடுங்க, ஒவ்வொரு தடவையும் மையம் கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் வந்து நிக்கும். அதுல மோசமான இடத்துக்கும் கேமரா அசையாத எண் எதுவோ, அதுக்கு மேல 2 சதவீதம். பெரும்பாலும் 5-லிருந்து 8-க்குள்ள முடிஞ்சிடும்.

புதுக்கை

அண்ணா, டிரிஃப்ட் வந்த, அதாவது தொடாமலேயே நகர்ற ஸ்டிக்கை ஆல்கஹால் விட்டுத் துடைச்சா சரியாகுமா?

பேட்கந்தன்

காரணத்தைப் பொறுத்தது தம்பி. உள்ள ரெண்டு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கு. கார்பன் பூசின தடத்து மேல ஒரு உலோக நாக்கு உரசிக்கிட்டே போகும். தூசி புகுந்திருந்தா 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு, கன்ட்ரோலர் அணைஞ்சிருக்கும்போது ஸ்டிக்கை நல்லா சுழட்டிட்டு, காய்ஞ்சதும் பாருங்க. நாக்கு தடத்தையே தேய்ச்சிருந்தா ரெண்டு வாரத்துல பழையபடி ஆகிடும். ஸ்டிக் ஒரே திசையில இழுத்தா அது தேய்மானமாவோ ஸ்பிரிங் தளர்ச்சியாவோ இருக்கும், எண் கண்டபடி குதிச்சா தூசியா இருக்கும். இது என் கணிப்பு முறை, பெரும்பாலும் பொருந்தும். எண்ணெய் ஸ்பிரே எதையும் உள்ள அடிக்காதீங்க, தூசியை அதுவே பிடிச்சு வெச்சுக்கும்.

மாத்துறதா இருந்தா ஹால் எஃபெக்ட் அல்லது டிஎம்ஆர் ஸ்டிக். காந்தத்தை வெச்சு அளக்கிறதால அந்த இடத்துல உரசலே கிடையாது. புதுசா கண்டுபிடிச்ச மாதிரி விக்கிறாங்க, ஆனா சேகா 1996-ல சாட்டர்ன் 3டி பேட்லயும் அப்புறம் டிரீம்காஸ்ட்லயும் இதையே போட்டுட்டாங்க. பழக்கமான மாடல்கள்ல ஒரு ஸ்டிக்குக்கு 14 சாலிடர் புள்ளி: ரெண்டு மீட்டருக்கும் மும்மூணு, அழுத்துற பட்டனுக்கு நாலு, உடம்பைத் தாங்குற கால் நாலு. கால் நாலும் தரைத் தளத்தோட ஒட்டியிருக்கிறதால வெப்பத்தை உறிஞ்சிக்கும், ஈயம் சீக்கிரம் உருகாது. அங்க பொறுமையில்லாம பிடுங்கினா போர்டுல இருக்கிற தடமே பிய்ஞ்சு வந்துடும். முதல்ல புது ஈயம் கொஞ்சம் கலந்து உருக்கிட்டு அப்புறம் உறிஞ்சுங்க. மாத்தின பிறகு மையத்தை மறுபடி அளவிட்டுப் பதிக்கணும். புது ஸ்டிக்கா இருந்தாலும் ஸ்பிரிங் ஒருநாள் தளரத்தான் செய்யும், அதுக்குக் காந்தம் ஒண்ணும் பண்ணாது.

பழையபெட்டி

கன்சோலும் டிவியும் சரியா இருந்தும் பழைய கேம் மட்டும் கனமா இருந்தா ஒரு விஷயம். பழைய கன்சோல்கள் 240பி சிக்னல், அதாவது 240 வரியில முழுப் படம் அனுப்பும். நிறைய டிவிகள் அதை 480ஐ-ன்னு, அதாவது ஒற்றை வரி, இரட்டை வரின்னு பாதி பாதியா வர்ற படம்னு தப்பா எடுத்துக்கிட்டு வரி கோக்கிற வேலையை ஆரம்பிச்சிடும். லேக்கும் ஏறும், படமும் நசுங்கும். ஓஎஸ்எஸ்சி மாதிரி வரியை மட்டும் இரட்டிப்பாக்குற பெட்டி முழு ஃப்ரேமைச் சேமிச்சு வைக்காது, அதனால லேக் கிட்டத்தட்ட சுத்தமா சேராது.

2001-ல வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி போட்டிகளுக்கு ஆட்கள் இன்னும் குண்டு டிவியைச் சுமந்துக்கிட்டுப் போறதுக்கு ஏக்கம் காரணம்னு சொல்றவங்க இருக்காங்க. ஏக்கமெல்லாம் இல்ல, ஃப்ரேம் கணக்கு. டக் ஹண்ட்ங்கிற பழைய வாத்து சுடுற கேமோட துப்பாக்கி எல்சிடியில வேலை செய்யாததும் இதே குடும்பத்துப் பிரச்சினை. விசையை அழுத்தினதும் திரை ஒரு ஃப்ரேம் கறுப்பாகி, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள்ள இருக்கிற சென்சார் அந்த வெளிச்சம் அந்தந்த ஃப்ரேம்லயே வருதான்னு பார்க்கும். டிவி தாமதமா காட்டினா வெளிச்சம் வந்து சேரும்போது கேம் "குறி தப்பிச்சு"ன்னு முடிவு பண்ணியிருக்கும். போதாததுக்கு, குண்டு டிவியோட வரி அதிர்வெண்ணுக்கு மட்டும் செவி சாய்க்கிற வடிகட்டியும் அதுக்குள்ள இருக்கு.

எமுலேட்டர்ல, அதாவது பழைய கன்சோலைப் போலச் செய்ற மென்பொருள்ல ஆடுறவங்களுக்கு வேற வரம் கிடைச்சிருக்கு. அந்த வகையைச் சேர்ந்த ரெட்ரோஆர்ச்ல 2018-ல ரன்-அஹெட் வந்துச்சு. பழைய கேம்கள் பலதும் அழுத்தின பட்டனுக்கு ரெண்டு மூணு ஃப்ரேம் கழிச்சுத்தான் பதில் சொல்லும், அப்படித்தான் எழுதியிருக்காங்க. ரன்-அஹெட் அந்த ஃப்ரேம்களை மறைவா ஓட்டிப் பார்த்து, விளைவை மட்டும் உடனே காட்டும். எத்தனை போடணும்னு கண்டுபிடிக்க கேமை நிறுத்துங்க, குதிக்கிற பட்டனைப் பிடிச்சுக்கிட்டு ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்துங்க. மூணாவது ஃப்ரேம்ல ஆள் அசைஞ்சா ரெண்டு போடலாம். கூடுதலா போட்டா அசைவோட முதல் ஃப்ரேம்கள் விழுங்கப்பட்டு, ஆள் துள்ளித் துள்ளி நகர்வான்.

ரோல்பேக்ராணி

பெட்டி அண்ணன் சொன்ன அதே தந்திரம்தான் ஆன்லைன் சண்டை கேம்களோட ரோல்பேக். நிலையைச் சேமி, பின்னாடி போ, திரும்ப ஓட்டு. டோனி கேனன் எழுதின ஜிஜிபிஓ இதுக்கு வழி காட்டுச்சு, 2019-ல அதோட மூலநிரலைத் திறந்தும் விட்டாங்க.

கணக்கு இப்படி. பிங், அதாவது செய்தி எதிராளிகிட்ட போய்த் திரும்புற நேரம், 100-னா ஒரு பக்கப் பயணம் 50 மில்லிசெகண்ட், அதாவது 3 ஃப்ரேம். பழைய டிலே முறையில உங்க பட்டனையே 3 ஃப்ரேம் தாமதிப்பாங்க. பிங் ஏறினா அது 5 ஆகும், இறங்கினா 3, அதனால பழகின காம்போ எல்லாம் கை நழுவும். ரோல்பேக்ல உங்க பட்டன் 1 அல்லது 2 ஃப்ரேம் தாமதத்துல நிலையா நிக்கும். எதிராளி என்ன அழுத்தினார்னு தெரியாத ஃப்ரேமுக்கு "முன்னாடி பிடிச்சிருந்ததையே பிடிச்சிருக்கார்"னு கேம் யூகிச்சுக்கும். மனுஷங்க ஒவ்வொரு ஃப்ரேமும் பட்டனை மாத்துறதில்லையே, அதனால யூகம் பெரும்பாலும் சரி. தப்பினா பின்னாடி போய், நிஜமான பட்டனோட அத்தனை ஃப்ரேமையும் 16.7 மில்லிசெகண்டுக்குள்ள திரும்ப ஓட்டணும். அப்போ எதிராளியோட அடியில முதல் ரெண்டு ஃப்ரேம் காணாமப் போகும். மெதுவா தொடங்குற அடியில இது தெரியவே தெரியாது, வேகமான அடியில கைமுட்டி காத்துலயிருந்து முளைச்ச மாதிரி இருக்கும்.

பழைய கேம்ல இதைப் பின்னாடி சேர்க்கிறது லேசு இல்ல. அதே பட்டன்களைக் கொடுத்தா ரெண்டு மெஷின்லயும் அச்சு அசலா அதே விளைவு வரணும். தசம எண் கணக்குல எங்கயோ ஒரு துளி மாறினாலும் ரெண்டு பேரும் வேற வேற ஆட்டம் ஆடிட்டு இருப்பாங்க. அதையும் மீறி 2020-ல மெலிக்கு ஸ்லிப்பி வழியா ரசிகர்களே ரோல்பேக் கொண்டு வந்தாங்கங்கிறதை நினைச்சுப் பாருங்க. பெரிய நிறுவனங்கள் அதுவரைக்கும் சொல்லிட்டிருந்த சாக்கெல்லாம் அன்னிக்கே செல்லாக்காசு.

பிங்கைவிட ஜிட்டரை, அதாவது பிங் எவ்வளவு கூடிக்குறையுதுங்கிறதைப் பாருங்க. நிலையான 90, 30-க்கும் 120-க்கும் துள்ளுறதைவிட மேல். உங்க ரவுட்டருக்கே நூறு பிங் அனுப்பிப் பாருங்க. கேபிள்ல 1 மில்லிசெகண்டைத் தொடாது. வைஃபையில நடுநடுவுல 20, 40-ன்னு குதிக்கும், அந்தக் குதியெல்லாம் எதிராளி திரையில டெலிபோர்ட். வீட்டுல யாராவது வீடியோ அப்லோடு பண்ணும்போது மட்டும் பிங் எகிறினா, ரவுட்டர்ல எஸ்கியூஎம்ங்கிற வரிசை மேலாண்மை வசதி இருக்கான்னு பாருங்க. அப்லோடு வேகத்தை உண்மையான அளவுல 90 சதவீதத்துக்கு வரம்பு போட்டா வரிசை ரவுட்டர்லயே அடங்கிடும்.

சும்மாவிளையாடி

தோத்தவங்க எல்லாரும் லேக்னு சொல்றதுக்கு இப்போ அறிவியல் ஆதாரமும் கிடைச்சிடுச்சு, நல்லா இருங்க.

சீரியஸா ஒரு கேள்வி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 எந்த மெஷின்ல ஆடினாலும் சேத்துல நடக்கிற மாதிரியே இருக்கே, அதுவும் டிவி குத்தமா?

நிழல்வீரன்

அது திட்டம் போட்டுச் செஞ்சது. ஆள் திரும்பணும்னா கால் மாத்தி வெக்கிற அனிமேஷன் முடியணும், அதுவரைக்கும் உங்க ஸ்டிக் காத்திருக்கும். அனிமேஷனுக்கு முதல் மரியாதை, கைக்கு ரெண்டாவது. டார்க் சோல்ஸ்லயும் வாளை வீசினா வீச்சு முடியிற வரைக்கும் மாட்டிக்கிட்டீங்க, ஆனா அங்க வீச்சு உடனே *தொடங்கும்*. என் ரசனைக்குத் தொடக்கத்துல வர்ற தாமதம்தான் எரிச்சல், முடிவுல வர்ற தாமதம் கேமோட விதி.

இதுக்கு நேரெதிர் செலஸ்ட், 2018. விளிம்பைத் தாண்டிக் கால் காத்துல போனப்புறமும் 0.1 விநாடி வரைக்கும் குதிக்கலாம். தரையைத் தொடுறதுக்கு ஒரு கணம் முன்னாடியே அழுத்தினாலும் ஞாபகம் வெச்சிருந்து தொட்டதும் குதிக்கும். லேக்கைக் குறைக்காமலேயே கேம் லேசாத் தெரியும். ஆட்டக்காரன் சரியா அழுத்தினதா நம்புறான்னா அவனை நம்பிடுறதுதான் நல்ல டிசைன். இதை "ஈஸி மோட்"னு கிண்டல் பண்றவங்க அந்தக் கேமோட கடைசிப் பகுதிகளை ஆடிப் பாத்திருக்க மாட்டாங்க.

புதுக்கை

இதெல்லாம் மாத்தினப்புறம் நிஜமாவே குறைஞ்சுதான்னு எப்படி அளக்கிறது? தனிக் கருவி வேணுமா?

டைமர்தாமரை

ஃபோன் போதும். 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் விரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி பிடியுங்கள். பட்டன் அடியைத் தொடும் ஃப்ரேமிலிருந்து திரையில் முதல் மாற்றம் தெரியும் ஃப்ரேம் வரை எண்ணி 4.17-ஆல் பெருக்குங்கள். 20 ஃப்ரேம் என்றால் சுமார் 83 மில்லிசெகண்ட். ஒரே அளவை நம்பாதீர்கள். நீங்கள் அழுத்திய கணம் ரிஃப்ரெஷின் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து 16 வரை கூடிக்குறையும். பத்துமுறையாவது எடுத்துச் சராசரி பாருங்கள்.

குதிப்பதைவிடத் துப்பாக்கி சுடுவது நல்ல சோதனை, குழல்முனை ஒளி ஒரே ஃப்ரேமில் தெரிந்துவிடும். குதிப்பதற்கு முன் முழங்காலை மடக்கும் அனிமேஷன் இருந்தால் கணக்கு குழம்பும். இன்னொரு எச்சரிக்கை: சில ஃபோன்கள் 120-இல் பதிந்து நடுவில் தாமே ஃப்ரேம் செருகி 240 என்று சொல்லும். மில்லிசெகண்ட் ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை முதலில் படமெடுத்துப் பார்த்தால், இலக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று மங்கலாகப் படிவதில் குட்டு வெளிப்படும்.

ஒலிக்கு இந்த வழி ஆகாது. புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி 100 மில்லிசெகண்டைத் தாண்டித் தாமதமாக வருவது சாதாரணம். ரிதம் கேமில் ஒலிக்கும் படத்துக்கும் தனித்தனி ஆஃப்செட் இருந்தால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டுத் தட்டி ஒன்றைச் சரிசெய்யுங்கள், பிறகு ஒலியை அணைத்துப் படத்தை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றின் பிழை மற்றொன்றில் ஏறிவிடும்.

புதுக்கை

கடைசியா ஒண்ணு. கன்சோல்ல 40 ஃப்ரேம் மோட் இருக்குன்னு சொல்ற கேம்ல, எனக்கு மெனுவுல அந்த வரியே வரல. அப்டேட் எல்லாம் பண்ணியாச்சு.

பிக்சல்பாண்டி

திரை 60 ஹெர்ட்ஸ்ல போயிட்டிருந்தா நிறைய கேம் அதை மறைச்சிடும். 60-க்குள்ள 40 அடங்காது, ஒரு ஃப்ரேம் ஒரு தடவை அடுத்தது ரெண்டு தடவைன்னு நொண்டும். டிவி 120 ஹெர்ட்ஸ் ஏத்துக்குமான்னு பாருங்க. ஏத்துக்கும்னா எல்லா போர்ட்டும் ஏத்துக்காது, 120-ன்னு அச்சடிச்சிருக்கிற எச்டிஎம்ஐ போர்ட்ல குத்துங்க, கன்சோலோட வந்த கேபிளையே போடுங்க. டிவி மெனுவுல அந்த போர்ட்டுக்கு மேம்பட்ட சிக்னல் செட்டிங் ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. அப்புறம் கன்சோல் வீடியோ செட்டிங்ல 120 ஹெர்ட்ஸ் வெளியீட்டை ஆன் பண்ணிட்டு கேமை முழுசா மூடித் திறங்க. வேற போர்ட்டுக்கு மாத்தினதால கேம் மோட் மறுபடி ஆஃப் ஆகியிருக்கும், அதையும் பாத்துடுங்க.